உயிருள்ள சரக்கு: சிறுத்தைப் பல்லி எனக்குக் கற்றுத் தந்த வியாபாரம்

நமது ஊரில் பல்லி என்றால் சுவரில் ஓடுவது, கறிச்சட்டியில் விழுந்தால் சட்டியோடு கொட்டிவிடுவது. அதைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடித் தொட்டியில் வைத்து, தீனி போட்டு வளர்ப்பார்கள் என்று 2003ஆம் ஆண்டு ஷார்ஜாவில் போய் இறங்கும்வரை நானும் நம்பியிருக்கமாட்டேன்.

அங்கே பறவைகளும் செல்லப் பிராணிகளும் விற்கும் ஒரு கடையில் ஆறு வருடங்கள் விற்பனையாளனாக இருந்தேன். இப்போது ஊரில் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன்னர் பழக்கமான ஒரு ஹாஜியார் வந்தார். அவருடைய மகனுக்கு டுபாயில் இப்படியான ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம். “நீங்கள் இருந்த தொழில்தானே, பிள்ளைக்கு நாலு விடயம் சொல்லிக்கொடுங்கள்” என்றார். அந்தப் பிள்ளைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வளைகுடாவில் இத்தொழிலில் இருப்பவர்களுக்கும், அங்கு குடும்பத்தோடு இருந்துகொண்டு பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவும். கோழியோ மீனோ கிளியோ, உயிருள்ள எதை விற்கும் சகோதரருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பல்லியை வளர்க்கலாமா, விற்கலாமா என்ற மார்க்க விடயத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். இது வியாபாரப் பக்கம். வியாபாரத்தை மட்டும் பேசுவோம்.

நான் செய்த பிழை

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். எகிப்து நாட்டவர் ஒருவர் எட்டு வயது மகளோடு வந்தார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் போட்ட ஒரு குட்டிப் பல்லியை அந்தப் பிள்ளை விரலால் காட்டியது. ஆங்கிலத்தில் லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். நாம் சிறுத்தைப் பல்லி என்று சொல்லலாம்.

பல்லியை விற்றேன். தொட்டியை விற்றேன். ஒரு சிவப்பு பல்பை விற்றேன். கடைசியாக நிறம் போட்ட ஒரு பை மணலையும் விற்றேன். அது கல்சியம் மணல். “பல்லி இதைத் தின்றாலும் எலும்புக்கு நல்லது” என்று பையில் எழுதியிருந்தது. நானும் அதையே திருப்பிச் சொன்னேன். மணலில்தான் கடைக்கு அதிக இலாபம். எனக்கும் அதில் சிறு தரகு இருந்தது.

ஐந்து வாரம் கழித்து வாப்பாவும் மகளும் திரும்பி வந்தார்கள். டிஷ்யூ பெட்டிக்குள் பல்லி செத்துக் கிடந்தது. விரல் தடிப்பில் இருந்த வால் நூலாக மெலிந்திருந்தது. வயிறு மட்டும் கல்லாக இருந்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தகப்பன் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. “நீங்கள் சொன்னபடிதானே எல்லாம் செய்தேன். எங்கே பிழை விட்டேன்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்களோடு பாகிஸ்தானின் ஜீலம் பக்கத்தைச் சேர்ந்த வயதான ஒருவர் வேலை செய்தார். பாய் என்று கூப்பிடுவோம். அவர் செத்த பல்லியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார். “வீட்டில் ஏசி எத்தனையில் இருக்கும்? தரையில் என்ன போட்டீர்கள்?” ஏசி இரவு பகல் 20 பாகை. தரையில் மணல். அவர் தலையை ஆட்டினார். அன்று கடை அடைத்த பிறகு என்னை உட்கார வைத்துப் பாடம் சொன்னார். அதன் பின்னர் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. முதலில் பிராணியை அறியுங்கள்

சிறுத்தைப் பல்லியின் சொந்த இடம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வரண்ட, கல்லும் புதரும் நிறைந்த நிலம். 1854ஆம் ஆண்டு எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியலாளர் இதை முதன்முதலில் விவரித்தார். அவர் ஆராய்ந்தது பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் கிடைத்த பல்லி. அந்த மலை எங்கள் பாயின் ஊருக்குப் பக்கம். சின்ன வயதில் கல்லைப் புரட்டும்போது இதைக் கண்டால் விஷப்பிராணி என்று அடித்துவிடுவார்களாம். உண்மையில் இதற்கு விஷமே கிடையாது.

நம் வீட்டுப் பல்லிக்கும் இதற்கும் இரண்டு பெரிய வித்தியாசங்கள். வீட்டுப் பல்லிக்குக் கண்ணிமை இல்லை, இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும், சிமிட்டும். இதன் விஞ்ஞானப் பெயரான யூப்லெஃபாரிஸ் என்பதன் பொருளே நல்ல கண்ணிமை என்பதுதான். இரண்டாவது, இதன் விரல்களில் ஒட்டும் தகடுகள் இல்லை. கண்ணாடியில் ஏறாது. தரையில்தான் நடமாட்டம்.

வளர்ந்தது வாலோடு 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை இருக்கும். பகலில் பொந்துக்குள் கிடந்து, மாலை மங்கும் நேரத்திலும் இரவிலும் வெளியே வரும். கொழுப்பை வாலில் சேமித்து வைக்கும். எனவே வால்தான் இதன் கல்லாப்பெட்டி. வால் தடித்திருந்தால் கையிருப்பு உண்டு, மெலிந்தால் நட்டத்தில் போகிறது என்று அர்த்தம்.

ஆயுள்தான் முக்கியம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 20 வருடங்கள் வாழும். எட்டு வயதுப் பிள்ளைக்கு விற்கும் பல்லி, அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போதும் இருக்கும். இதை விற்பதற்கு முன்னர் சொல்ல வேண்டும், விற்ற பின்னர் அல்ல.

2. வீடு

ஒரு பல்லிக்கு 75 லீற்றர் தொட்டிதான் ஆகக் குறைந்தது. இப்போது 90 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டியைச் சிபாரிசு செய்கிறார்கள். உயரத்தை விடத் தரைப் பரப்பே முக்கியம். காற்றுப் போகும் வலை மூடி வேண்டும்.

தொட்டிக்குள் மூன்று ஒளிவிடங்கள் வேண்டும். சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, நடுவில் ஈரமான ஒன்று. விலை கூடிய செயற்கைக் குகை தேவையில்லை. கவிழ்த்த மண்சட்டியில் வாசல் வெட்டினாலும் போதும். ஈரமான ஒளிவிடத்துக்கு ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசியையோ டிஷ்யூவையோ வைக்கலாம்.

இனித் தரை. என்னுடைய பிழை இங்கேதான். பல்லி இரையைப் பாய்ந்து பிடிக்கும்போது மணலும் வாய்க்குள் போகும். கல்சியம் குறைந்த பல்லி மணலை வேண்டுமென்றே நக்கியும் தின்னும். கல்சியம் மணலென்றால் இன்னும் விரும்பித் தின்னும். அது குடலில் கட்டியாகி வழியை அடைத்துவிடும். குட்டிக்கும், உடல்நிலை குன்றியதற்கும், புதியவர் வளர்ப்பதற்கும் சமையலறை டிஷ்யூ பேப்பர் அல்லது டைல்ஸ் துண்டு போதும். இன்று அனுபவமுள்ளவர்கள் மண்ணும் மணலும் கலந்து இறுக்கிய தரையில் நன்றாக வளர்க்கிறார்கள். அது சூடும் தீனியும் சரியாக அமைந்த பிறகு செய்கிற காரியம்.

சுத்தம் செய்வது இலேசு. இந்தப் பல்லி பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மலம் கழிக்கும். அந்த மூலையின் பேப்பரைத் தினமும் மாற்றினால் சரி. ஆழமில்லாத கிண்ணத்தில் நாளாந்தம் புதுத் தண்ணீர் வையுங்கள்.

3. சூடு இல்லாமல் சீரணம் இல்லை

இது குளிர் இரத்தப் பிராணி. தின்றதைச் சீரணிக்க வேண்டிய சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெளியே 45 பாகை வெயில் கொளுத்தும் ஷார்ஜாவில் பல்லி குளிரால் சாகும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் வீட்டுக்குள் இரவு பகலாக ஏசி ஓடுகிறது. வயிறு நிறையத் தீனி, சீரணிக்கச் சூடு இல்லை. மணல் பாதி கொன்றது, ஏசி மீதி கொன்றது.

தொட்டியின் ஒரு பக்கத் தரை 32, 33 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். மறுபக்கம் 24 முதல் 26 வரை. பல்லி தன் தேவைக்கேற்ப அங்கும் இங்கும் போய்க்கொள்ளும். இரவில் 21 வரை இறங்கினாலும் பரவாயில்லை. தொட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பது பிழை. அதற்கு ஒதுங்க இடம் இருக்காது.

தொட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்கை மூடும் வெப்பத் தகட்டை அடியில் ஒட்டுவது வழக்கமான முறை. பகலில் மேலிருந்து ஹலஜன் விளக்கால் சூடு கொடுப்பது இன்னும் இயல்பானது என்று இன்று கருதப்படுகிறது. எதுவானாலும் தேர்மோஸ்டெட் இல்லாமல் விற்காதீர்கள். கட்டுப்பாடு இல்லாத தகடு வயிற்றைச் சுட்டுவிடும். மின்சாரத்தில் சூடாகும் கல் என்று ஒன்று வருகிறது. அதுவும் இப்படித்தான் சுட்டுப் புண்ணாக்கும். சுவரில் மாட்டும் வெப்பமானி காற்றின் சூட்டைத்தான் காட்டும். அளக்க வேண்டியது பல்லி படுக்கும் தரையை.

நாங்கள் அன்று விற்ற சிவப்பு பல்பு இரவுக்குத் தேவையில்லை. இரவு இருட்டாகவே இருக்கட்டும். பகலில் குறைந்த வலுவுள்ள புறஊதா விளக்கு நல்லது என்று இன்று சொல்கிறார்கள். உடம்பில் விட்டமின் டி3 உண்டாக அது உதவும். வெண்தோல் இனங்களுக்குக் கண் கூசும், அவற்றுக்கு நிழல் கூடுதலாக வேண்டும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஏசியை நிறுத்திவிட்டு வராதீர்கள். பூட்டிய வீடு அடுப்பாகிவிடும். பல்லியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

4. தீனி

சிறுத்தைப் பல்லி பூச்சி மட்டுமே தின்னும். மரக்கறி, பழம், சோறு, பாண் எதுவும் ஆகாது. அதுவும் உயிரோடு அசைகிற பூச்சியாக இருக்க வேண்டும். இரையைக் கண்டதும் வால் நுனியைக் கிலுகிலுவென ஆட்டிவிட்டுப் பாயும். அதைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் தீனி நேரத்துக்குக் காத்திருப்பார்கள்.

வழமையான தீனி கிரிக்கெட் என்கிற சில்வண்டு, மீல்வோர்ம் என்கிற மாவுப்புழு, டூபியா கரப்பான் ஆகியன. மெழுகுப்புழுவில் கொழுப்பு அதிகம். நாம் பிள்ளைக்கு இனிப்புக் கொடுப்பதைப் போல எப்போதாவது ஒன்று கொடுக்கலாம். ஒரே பூச்சியையே தொடர்ந்து போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அளவு: பல்லியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை விடப் பெரிய பூச்சி கூடாது.

தடவை: நாலு மாதம்வரை தினமும். அதன் பின்னர் ஒரு வயது ஆகும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள். வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு, மூன்று முறை, ஒரு தடவைக்கு ஐந்து முதல் எட்டுப் பூச்சி. மாலையில் போடுவது சிறந்தது. கால் மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். தொட்டியில் மிஞ்சிய சில்வண்டு இரவில் பசித்தால் தூங்கும் பல்லியையே கடிக்கும்.

வீட்டு முற்றத்தில் பிடித்த பூச்சியைப் போடாதீர்கள். எந்த மருந்து தெளித்த செடியிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. மின்மினியில் பல்லியினங்களைக் கொல்லும் நஞ்சே இருக்கிறது.

புதிதாக வீட்டுக்கு வந்த பல்லி சில நாட்களுக்குத் தின்னாமல் இருக்கும். வாங்கியவர் பயந்து தொலைபேசி எடுப்பார். வளர்ந்த பல்லியென்றால் வாலில் கையிருப்பு இருக்கிறது, ஒரு வாரம் பொறுக்கலாம். தொட்டுத் தொல்லை கொடுக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். குட்டிக்கு அவ்வளவு கையிருப்பு இல்லை. அது நாலைந்து நாள் தின்னாவிட்டால் கவனிக்க வேண்டும்.

அதிகத் தீனியும் ஆபத்து. கழுத்தை விட வால் சற்றுத் தடித்திருந்தால் நல்லது. தலையை விடத் தடித்து, கைக்கடியில் கொழுப்புப் பை தொங்கினால் தீனியைக் குறையுங்கள்.

5. பூச்சிக்கும் தீனி வேண்டும்

பாய் சொன்னதில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான்: “வெறும் வயிற்றுப் பூச்சி வெறும் ஓடு, தம்பி.”

சில்வண்டிலும் புழுவிலும் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்னும் பல்லி தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கும். தாடை இரப்பராக வளையும், கால்கள் வில்லாகக் கோணும், உடம்பைத் தூக்கி நடக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போகும். ஆரம்பத்தில் கண்டால் மருத்துவம் உண்டு. கோணிய எலும்பு நேராவதில்லை.

தடுப்பதற்கு இரண்டு காரியங்கள். ஒன்று, பூச்சியைப் பல்லிக்குப் போடுவதற்கு 24 மணித்தியாலங்களுக்கு முன்பிருந்தாவது அதற்குக் கரட், கீரை, தவிடு, பூச்சிக்கென விற்கும் கல்சியத் தீனி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். இரண்டு, போடும் நேரத்தில் பூச்சியை ஒரு பையில் இட்டு, கல்சியத் தூளில் குலுக்கிப் போட வேண்டும். குட்டிக்கும் முட்டையிடும் பெண்ணுக்கும் ஒவ்வொரு தீனியிலும், மற்றவற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் போதும். டி3 கலந்த தூளையும் விட்டமின் தூளையும் பொதியில் குறிப்பிட்ட அளவில் மட்டும் பாவியுங்கள். டி3 கூடினாலும் தீங்கு. புறஊதா விளக்கு இருந்தால் அதை இன்னும் குறைக்கலாம்.

6. தோல், வால், கை

சில வாரங்களுக்கு ஒருமுறை பல்லி வெண்மையாகி, தோலை உரித்து, தானே தின்றுவிடும். பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது விரல்களை. காய்ந்த தோல் மோதிரம்போல விரலில் இறுகினால் இரத்தம் ஓடாமல் விரலே விழுந்துவிடும். ஈரமான ஒளிவிடம் அதற்காகத்தான். ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மட்டும் நனைய கால் மணி நேரம் விட்டு, பஞ்சுக் குச்சியால் மெதுவாக எடுங்கள். பிய்க்காதீர்கள்.

வாலைப் பிடிக்கவே கூடாது. பயந்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடும். வால் மீண்டும் முளைக்கும், ஆனால் பழைய அழகு வராது. சேமிப்பு முழுவதும் ஒரு நொடியில் போய்விடும். கையை முன்னால் வைத்து அது தானாக ஏற விடுங்கள்.

தொட்டதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். தொட்டியையும் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

7. வாங்கும்போதும் விற்கும்போதும்

தெளிந்த கண், தடித்த வால், சுத்தமான பின்புறம், உடம்பைத் தரையிலிருந்து தூக்கி நடக்கும் நடை, முழுமையான விரல்கள் ஆகியவற்றைப் பாருங்கள். முடிந்தால் உங்கள் முன் ஒரு பூச்சியைத் தின்னச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு ஆண்களை ஒரு தொட்டியில் வைத்தால் சண்டையிட்டுச் சாகும். பின்னங்கால்களுக்கிடையில் தலைகீழ் வீ வடிவத்தில் துளை வரிசை தெளிவாக இருந்தால் அது ஆண். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் பெண் ஓயாமல் முட்டையிட்டு நலிந்துபோகும். தனியாக வைப்பதே நல்லது, இது துணை தேடி ஏங்குகிற பிராணி அல்ல. இதன் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் சூடுதான் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 27 பாகையில் பெரும்பாலும் பெண், 32, 33இல் பெரும்பாலும் ஆண், 34ஐத் தாண்டினால் மீண்டும் பெண்.

கடைக்காரர் கவனிக்க வேண்டிய பெரிய ஆபத்து கிரிப்டோ என்று சுருக்கமாகச் சொல்லும் குடல் ஒட்டுண்ணி. வந்தால் பல்லி தின்றும் மெலியும், வால் குச்சியாகும். நம்பகமான மருந்து இல்லை. சாதாரண கிருமிநாசினிக்கும் அது சாகாது. ஒரே இடுக்கியால் பத்துத் தொட்டிக்கும் தீனி போட்டால் பத்துக்கும் பரவும். புதிதாக வரும் சரக்கை இரண்டு மூன்று மாதமாவது வேறு அறையில், வேறு பாத்திரத்தோடு வையுங்கள். இடம் இல்லை, காசு முடங்குகிறது என்று நினைப்பவர் ஒரு நோயாளிப் பல்லியால் கடை முழுவதையும் இழப்பார்.

நிறத்தை மட்டும் பார்த்துப் புகழாதீர்கள். லெமன் ஃப்ரொஸ்ட் என்ற வெளிர் மஞ்சள் இனம் அமெரிக்காவில் பெரும் விலைக்குப் போனது. பின்னர் அவற்றின் தோலில் கட்டிகள் கிளம்பின. 2021இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் பிரிவு ஆய்வாளர்கள், அந்த நிறத்தையும் புற்றுக்கட்டியையும் ஒரே மரபணுப் பகுதியோடு தொடர்புபடுத்தினார்கள். அதாவது, அழகையும் நோயையும் பிரித்து விற்க முடியாது. எனிக்மா என்ற இனத்துக்கு நரம்புக் கோளாறு உண்டு. தலை சாய்ந்து வட்டமாகச் சுற்றும். விலை கூடிய சரக்கு தரம் கூடிய சரக்கு என்று எண்ணுவது எந்த வியாபாரத்திலும் ஆபத்து.

8. கணக்கு

வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லாமல் முடிக்கக் கூடாது.

மின்சாரம்: 20 வாட்ஸ் தகடு 24 மணி நேரமும் ஓடினாலும் நாளுக்கு அரை அலகுக்கும் சற்றுக் குறைவு, மாதம் 15 அலகுக்குள். தேர்மோஸ்டெட் இடையிடையே நிறுத்துவதால் உண்மையில் அதைவிடக் குறையும்.

தீனி: வாரம் மூன்று முறை, தடவைக்கு ஆறு பூச்சி என்றால் 18. வருடத்துக்கு 936. பல்லி 15 வருடம் வாழ்ந்தால் 14,040 பூச்சி.

இந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். பல்லியை ஒரே ஒரு முறைதான் விற்கிறோம். பூச்சியை 15 வருடம் விற்கலாம். அந்த எகிப்து நாட்டவருக்கு நான் விற்ற மணல் பைக்காக 15 வருட வாடிக்கையை ஐந்து வாரத்தில் இழந்தேன். பல்லி உயிரோடு இருப்பதில்தான் கடையின் உயிரும் இருக்கிறது.

இதை முதலாளியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பாயும் நானும் ஒரு பக்கத்தில் வளர்ப்பு விபரங்களை அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதுவித்து, விற்கும் ஒவ்வொரு பல்லியோடும் கொடுக்கத் தொடங்கினோம். மணல் விற்பனை விழுந்தது. ஒரு நாள் இரண்டு ஆண் பல்லிகளை ஒரே தொட்டிக்குக் கேட்டவரை, ஒன்று போதும் என்று திருப்பினேன். முதலாளி எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். “இப்படிப் பேசினால் கடையை மூட வேண்டியதுதான்” என்றார். அந்த மாதம் எனக்குத் தரகும் கிடைக்கவில்லை. ஊருக்குக் காசு குறைத்துத்தான் அனுப்பினேன்.

ஆனால் அடுத்த வருடம் மாவுப்புழுவையும் சில்வண்டையும் வாராவாரம் வாங்க வருகிறவர்கள் கூடினார்கள். சில்வண்டு வழியில் சாகும், நாறும், தப்பி ஓடும். மாவுப்புழுவைத் தவிட்டில் இட்டுக் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் வைக்கலாம், நட்டம் குறைவு. பூச்சிக்கு வந்தவர் கல்சியம் வாங்கினார், விளக்கு வாங்கினார், நண்பரையும் கூட்டி வந்தார். முதலாளி பாராட்டவில்லை. ஆனால் வளர்ப்பு விபரத் தாள் முடிந்தபோது அச்சடிக்கக் காசு கேட்காமலே கொடுத்தார்.

9. இங்கே கொண்டு வரலாமா?

இதைப் படித்துவிட்டு, பெட்டிக்குள் நாலைக் கொண்டுவந்தால் நல்ல விலை போகுமே என்று யாராவது நினைக்கலாம். வேண்டாம். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி இப்படியான பிராணிகளை இலங்கைக்குள் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டால் சரக்கும் போகும், மானமும் போகும்.

இங்கிருந்து வெளியே கொண்டுபோவதும் அப்படியே. நமது காடுகளில் மட்டும் வாழும் கொம்போணான் இனங்களுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் கேள்வி உண்டு. 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் அவை சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மலைநாட்டில் நிலம் வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஓணான் பிடித்துத் தரச் சொல்லி யாராவது காசு நீட்டினால் அந்த வலையில் விழாதீர்கள்.

முடிவாக

ஹாஜியாரின் மகனுக்கு ஐந்து விடயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சூட்டை அளந்து பார். மணலை விற்காதே. பூச்சிக்குத் தீனி போட்டுவிட்டு விற்பனைக்கு வை. புதிய சரக்கைத் தனியாக வை. பதினைந்து வருடம் வாழும் என்பதை விலைக்கு முன்னர் சொல்.

அரிசி பழுதென்றால் மாற்றிக் கொடுக்கலாம். துணி சாயம் போனால் காசைத் திருப்பலாம். உயிருள்ள சரக்கில் அந்த வசதி கிடையாது. நமது கைக்குத் தெரியாததை நமது வாய் சொல்லக் கூடாது. பையில் எழுதியிருந்தது என்பது பதிலாகாது.

அந்த எகிப்து நாட்டவர் ஒரு வருடம் கழித்து மீண்டும் ஒருநாள் கடைக்கு வந்தார். மைனாவுக்குத் தீனி வாங்க வந்திருந்தார். அன்று நான் அவரிடம் போய், பிழை என்னுடையதுதான், மணலும் ஏசியும்தான் காரணம் என்று சொன்னேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு, “அதை நீ அன்றே சொல்லியிருந்தால் என் மகள் தன் மேல் குற்றம் என்று நினைத்திருக்கமாட்டாள்” என்றார். அவருடைய மகள் அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை.

இன்று என்னுடைய மீன் கடையில் பிள்ளைகள் குப்பி மீன் வாங்க வந்தால், தண்ணீரை எப்படி மாற்றுவது என்று சொல்லாமல் பையைக் கட்டுவதில்லை. சில வேளை பின்னால் நிற்பவர் பொறுமை இழந்து போய்விடுகிறார். பெரும்பாலும் அவரும் பின்னர் ஒருநாள் வருகிறார்.